அறக்கோட்டம் போதுமா?

காஞ்சியைக் கோயில் நகரம் என்பர். பட்டு நகரம் என்றும் பாராட்டுவர். இரண்டும் பொய்யல்ல. ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தையும் வரதராசப் பெருமாள் கோயில் மண்டபத்தையும் காண வருவோர், திரும்பும் வழியில் சேலைக் கடையில் அமர்ந்து, சரிகைக் கரையைத் தடவிப் பார்த்து, விலை பேசி வாங்கிச் செல்கின்றனர். கோபுரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, பட்டும் தெரிகிறது. தெரியாமற் போகிறவர் சிலர் உண்டு. அவர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கோயில் வாயிலில் கையேந்தி அமர்ந்திருக்கும் வரிசையைப் பாருங்கள். கண்ணொளி இழந்தவர் ஒருவர், கால் இழந்தவர் ஒருவர், தொழுநோயில் விரல் இழந்தவர் ஒருவர். அவர்கள் முன்னே காசு விழுகிறது. நெசவாளர் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டையும் பாருங்கள். அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவன் இராட்டை முன் அமர்ந்து பொழுதெல்லாம் தார் சுற்றுகிறான். அவன் சுற்றிய தார்தான் நாடாவில் ஏறி, ஊடையாக ஓடி, சேலையாகிறது. அவன் கையில் காசு விழுவதில்லை. கேட்டால், "சும்மா கிடப்பதற்கு ஏதோ செய்கிறான்" என்பர்.

அங்கே உழைப்பில்லாமல் காசு. இங்கே காசில்லாமல் உழைப்பு. உழைப்பும் உண்டு, உழைப்புக்கு ஊதியமும் உண்டு என்னும் மூன்றாம் இடம் ஒன்று இவர்களுக்கு ஏன் இல்லை? இதுவே நம் கேள்வி. அரசின் திட்டத்தைப் பற்றிய கேள்வியாக இது தோன்றும். அடியில் இருப்பது அறத்தைப் பற்றிய கேள்வி.

மணிமேகலை வந்த ஊர்

தமிழ்க் காப்பியங்களுள் பசியை முதற்பகையாகக் கொண்டது மணிமேகலை. மழை பொய்த்து மக்கள் வாடிய நாளில் அமுதசுரபியோடு அவள் காஞ்சிக்கு வந்தாள், வந்தவர்க்கெல்லாம் சோறளித்தாள் என்று அக்காப்பியம் கூறுகிறது. அதற்கு முன்பே புகார் நகரில் மன்னனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள் என்றும் கூறுகிறது. அடைத்து வைத்த இடம் அன்னம் வழங்கும் இடமாயிற்று! அந்நாளில் அது மாபெரும் புரட்சி. அதை மறுப்பார் இல்லை.

ஆனால், அறக்கோட்டத்திலும் இருவகை மனிதரே உண்டு: கொடுப்பவர், பெறுபவர். கொடுப்பவர் நாளை வராவிட்டால் பெறுபவர் யாரிடம் முறையிடுவார்? பிச்சைக்கு முறையீடு உண்டா? ஈகையைப் போற்றிய வள்ளுவர், இரவச்சம் என்று தனி அதிகாரம் ஒன்றையும் வகுத்து வைத்தாரே, ஏன்? கொடுப்பது எத்துணை உயர்ந்ததாயினும், ஒரு மனிதனை வாழ்நாள் முழுதும் கேட்பவனாகவே வைத்திருப்பது அவனுக்குச் செய்யும் நன்மையாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஊதியம் அத்தகையதன்று. அது தவறினால் கேட்கலாம், குறைந்தால் வாதாடலாம், மறுத்தால் வழக்காடலாம். காசு ஒன்றேயாயினும், வாயிலில் விழும் காசு 'நீ இரக்கத்துக்குரியவன்' என்கிறது. ஊதியமாக வரும் காசு 'உன் உழைப்பு எமக்கு வேண்டும்' என்கிறது. இந்த வேறுபாட்டை உணராதவரே, "உதவித்தொகைதான் கொடுக்கிறார்களே, இன்னும் என்ன?" என்று கேட்கின்றனர்.

ஏடு சொல்வது என்ன?

சட்டம் இல்லாமலில்லை. அரசியல் சட்டத்தின் 41 ஆம் பிரிவு, வேலை பெறும் உரிமையையும், உடற்குறை, நோய், முதுமை ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமையையும் ஒருசேரச் சொல்கிறது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்னும் கடிவாளத்தோடுதான் சொல்கிறது. 1995 இல் ஒரு சட்டம் வந்து அரசுப் பணியில் 3 விழுக்காட்டை ஒதுக்கியது. 2007 இல் இந்தியா ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது, அதன் 27 ஆம் பிரிவு மற்றவர்க்கு நிகராக உழைத்துப் பிழைக்கும் உரிமையைப் பேசுகிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கியது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. தனியார் நிறுவனங்களில் 5 விழுக்காட்டினரேனும் இவர்களாக இருக்க ஊக்கம் தருக என அரசுக்கு உரைத்தது.

தமிழ்நாட்டில் 2010 இல் இவர்களுக்கெனத் தனித்துறை அமைந்தது. 'ஊனமுற்றோர்' என்னும் சொல் போய் 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் அரசேடுகளில் ஏறியது. நல்ல மாற்றம். மனிதனை அவன் குறையால் அழைப்பதை விட்டோம். பெயர் மாறியது, பெறுவது மாறியதா?

2011 மக்கள் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, தமிழ்நாட்டில் 11.79 இலட்சம். நாடு முழுவதிலும் அவர்களுள் உழைப்போர் என்று கணக்கில் வந்தவர் 36 விழுக்காட்டினரே. பெண்களில் 23 விழுக்காடு. நடுவண் அரசு, கடுங்குறைபாடு உடைய ஏழைகளுக்குத் தரும் ஓய்வூதியத்தில் தன் பங்காக 2012 இல் நிறுவிய தொகை திங்களுக்கு 300 ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய்! அதன்பின் பத்தாண்டுகள் கடந்தும் அந்த எண் அசையவில்லை. தமிழ்நாடு அதனினும் கூடுதலாகவே தருகிறது. கடுங்குறைபாடு உடையோருக்கான பராமரிப்புத் தொகை 2023 சனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்வை வரவேற்கிறோம். ஆயினும் முப்பது நாளுக்கு வகுத்துப் பார்ப்போம்: நாளொன்றுக்கு 67 ரூபாயும் தேறாது. இதைக் கொண்டு பசியைத் தள்ளிப் போடலாம். வாழ்க்கை நடத்த இயலுமா?

சட்டம் விட்ட ஓட்டை

1948 ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 26 ஆம் பிரிவில் ஒரு வரி இருந்தது. உடற்குறை உடைய தொழிலாளருக்குத் தரும் ஊதியத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என அரசு ஆணையிடலாம் என்றது அந்த வரி. உழைப்பவன் எவனாயினும் இந்த எல்லைக்குக் கீழே கூலி கொடாதே என்று கோடு கிழிக்க வந்த சட்டம், கோட்டின் நடுவே ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. வலியவனைக் காக்க அக்கோடு வேண்டியதில்லை. அவன் பேரம் பேசுவான். எளியவனைக் காக்கவே அது வேண்டும். அவனையே வெளியே நிறுத்தலாம் என்றது சட்டம்!

1982 இல், தலைநகரில் ஆசிய விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டிய கூலியாட்கள் வழக்கில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புரைத்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கூலி கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23 ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. பசி பிடரியைப் பிடித்து உந்த, கிடைத்த கூலிக்கு ஒருவன் உடன்பட்டால், அது அவன் விருப்பம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து. கல் சுமக்கும் வலுவுடையவனுக்கே இது பொருந்துமாயின், வேறு வேலைக்கு வழியில்லாத, வேறு வாயில் திறக்காத மாற்றுத்திறனாளிக்கு இது இன்னும் பன்மடங்கு பொருந்தாதா?

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு, 2019 இல் இயற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் வந்துவிட்டது. ஏட்டில் உள்ள வரியை மாற்ற நாடாளுமன்றம் போதும். எண்ணத்தில் எழுதி வைத்த வரியை மாற்ற யார் வருவார்? 'அவனுக்கு இது போதும்' என்னும் வரி அது.

பாதி வேலைக்கு முழுக் கூலியா?

கேட்பவர் எல்லாரும் கொடியவர் அல்லர். தறி இரண்டு வைத்திருக்கும் சிறு முதலாளி கேட்பதில் நேர்மை இருக்கிறது. "சேலைக்கு இவ்வளவு என்றுதான் எனக்கே கூலி வருகிறது. ஒருவர் நான்கு தார் சுற்றும் நேரத்தில் இவர் இரண்டுதான் சுற்றுகிறார். நான் எங்கிருந்து கொடுப்பேன்?" இதற்கு விடை சொல்லாமல் முழக்கம் மட்டும் இடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், வேலை ஏன் குறைகிறது? பள்ளியில் நாம் கற்பிக்கும் கணக்கில், 'நான்கு ஆட்கள் ஆறு நாளில் முடிக்கும் வேலை' என்று வரும். அந்த நான்கு ஆட்களுக்கும் கை இரண்டு, கால் இரண்டு, கண் இரண்டு, களைப்பும் ஒன்றே. கணக்குப் புத்தகத்துக்கு அது ஏற்கும்; தொழிற்கூடத்துக்கு ஏற்காது. குழித்தறியில் கால் மிதித்தாலொழியப் பாவு திறக்காது. கால் இயங்காதவர் அதில் நெய்ய முடியாது என்றால், குறை காலிலா, தறியிலா? கருவியை ஒருவகை உடலுக்கென்றே செய்துவிட்டு, வேறுவகை உடலைத் திறனற்றது என்பது முறையா? 2021 இல் உச்சநீதிமன்றம், எழுதுகையில் கை ஒத்துழையாத தேர்வர் ஒருவருக்கு எழுத்துத் துணை தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தேர்வறைக்குள் வந்த அந்த நியாயம் தறிக்கூடத்துக்குள்ளும் வரவேண்டும். இருக்கையை உயர்த்துவதும், மிதியைக் கைப்பிடியாக மாற்றுவதும், வேலையைப் படிகளாகப் பிரித்துப் பழக்குவதும் சலுகை அல்ல. கருவியைத் திருத்தும் செயல்.

அடுத்து, உழைப்பைப் பிரித்து அளக்க இயலுமா? காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். தறியில் ஒருவர் அமர்ந்தால் போதாது. கரை நாடாவை வீச இன்னொருவர் வேண்டும். அவர் கை நின்றால் நெசவே நிற்கும். நெய்து முடித்த சேலையில் இந்தப் பங்கு இவருடையது, அந்தப் பங்கு அவருடையது என்று பிரித்துக் காட்ட முடியுமா?

இவ்வளவும் செய்த பின்னும் சிலர் குறைவாகவே செய்வர். மறைப்பதற்கில்லை. அப்போதும் குறைந்தபட்ச ஊதியம் என்பது எதன் விலை என்று கேட்க வேண்டும். அது தாருக்கு விலையன்று. தார் சுற்றும் மனிதன் உயிர் வாழ்வதற்கு வேண்டிய விலை. பாதி சுற்றுபவனுக்கு அரிசி பாதி விலைக்கு வருகிறதா? பேருந்தும் மருந்தும் அவனுக்கு மற்றவரைவிடக் கூடுதலாகவே செலவு வைக்கின்றன. ஆகவே, செய்த வேலைக்குரிய கூலியை முதலாளி கொடுக்கட்டும். அதற்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் உள்ள இடைவெளியை அரசு நிரப்பட்டும். இதுவே நம் கோரிக்கை. சிறு முதலாளிமீது சுமையை ஏற்றிவிட்டு அவனைக் கொடியவன் என்று தூற்றவும் வேண்டாம். அவன் ஏழ்மையைக் காட்டித் தொழிலாளியின் வயிற்றைச் சுருக்கவும் வேண்டாம்.

நடவாத கனவா இது? நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாடு, மாற்றுத்திறனாளிகள் நான்கு மணி நேரம் உழைத்தால் முழு நாள் ஊதியம் என்று விதி செய்தது. எல்லா ஊரிலும் அது செம்மையாக நடந்ததென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கொள்கை ஏற்கப்பட்டது, அரசு கவிழ்ந்துவிடவில்லை, கருவூலம் வற்றிவிடவில்லை. ஏரிக்கரையில் ஏற்ற நியாயத்தைத் தறிக்கூடத்தில் மறுப்பானேன்?

"ஏதோ பழகட்டும், கூலி எதற்கு?" என்பார்க்கு இவ்வூரின் பழங்கதை ஒன்றை நினைவூட்டுவோம். முன்பணத்துக்குப் பிணையாகச் சிறுவர்கள் பட்டுத்தறியில் உழைத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. 2003 இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் உலக அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் சிறுவர் கொத்தடிமைமுறை பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அன்றும் இதே சொற்கள்தாம்: சும்மா சுற்றுவதற்குத் தொழில் பழகுகிறான், சிறு கை, சிறு கூலி! சிறுவனுக்கு வேண்டியது பள்ளி. வளர்ந்த மாற்றுத்திறனாளிக்கு வேண்டியது வேலை. தீர்வுகள் வேறு. ஆனால் எளியவன் உழைப்பை விலையின்றிக் கொள்ள உலகம் சொல்லும் சாக்கு ஒன்றே.

உழைக்கவே இயலாதவர்?

இங்கே நம் கருத்தையே நாம் சோதிக்க வேண்டும். உழைப்பே மதிப்பு என்று உரக்கச் சொன்னால், தார் சுற்றவும் இயலாதவர், பேசவும் எழவும் பிறர் துணை வேண்டுபவர் என்ன ஆவார்? அவருக்கு மதிப்பில்லையா? கோயில்காரர் முன்வினை என்று சொல்லித் தள்ளியவரை, நாம் உற்பத்தி இல்லை என்று சொல்லித் தள்ளினால், சொல் வேறானாலும் செயல் ஒன்றாகிவிடுமே!

ஆகவே தெளிவாகச் சொல்கிறோம்: உழைப்பால் மதிப்பு வருவதன்று; மனிதன் என்பதாலேயே அவனுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பின் ஒரு வடிவம், உழைப்பவர்க்குக் கூலி. மற்றொரு வடிவம், உழைக்க இயலாதவர்க்கும் பகற்பொழுது ஒரு வாழ்க்கையாக அமைவது. வீட்டை விட்டு வெளியே வரவும், தோழரைக் காணவும், கற்கவும், பாடவும், உண்ணவும், தன்னால் இயன்றதைச் செய்யவும் ஓரிடம். அதுவே பகல்நேர மையம்.

1999 இல் இயற்றிய சட்டத்தின் வழி அமைந்த தேசிய அறக்கட்டளை, தன்முனைப்புக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கென 'விகாஸ்' என்னும் திட்டத்தை வகுத்தது. பத்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் பகற்பராமரிப்பு என்பது அதன் அமைப்பு. தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டம், 'விழுதுகள்' என்னும் சேவை மையங்களைத் திறந்து வருகிறது. நல்ல பெயர், நல்ல தொடக்கம். ஆனால் மையம் இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அங்கே பொழுது எப்படிக் கழிகிறது? நாற்பது வயதினரை நான்கு வயதுப் பிள்ளைபோல் வண்ணம் தீட்டச் சொல்லி உட்கார்த்தி வைத்தால் அது காவற்கூடம். மெழுகுத்திரியும் காகித உறையும் செய்யவைத்து, விற்ற காசை வேறு கணக்கில் வைத்து, 'இது சிகிச்சை, வேலையன்று' என்றால் அது சுரண்டல். பயிற்சி என்றால் அதற்கு முடிவு நாள் வேண்டும். வேலை என்றால் கூலி வேண்டும்.

பகல் மையத்தால் பயன் பெறுவோர் உள்ளே இருப்பவர் மட்டுமல்லர். காஞ்சியில் நெசவு குடும்பத் தொழில். கணவன் தறியில் இருக்க, மனைவி கரை நாடா வீசுவாள், தார் சுற்றுவாள், இழை அறுந்தால் முடிவாள். வீட்டில் ஓயாத் துணை வேண்டும் பிள்ளை ஒன்று இருந்தால், அவள் கை தறியை விட்டு விலகும். சேலை முடியும் நாள் தள்ளும்; கூலி தள்ளும்; கடன் முந்தும். அந்தத் தாயின் இருபது ஆண்டு உழைப்புக்கு எந்தக் கணக்கில் எழுதினோம்? ஆறு மணி நேரப் பகல் மையம் அந்தத் தாய்க்கு ஆறு மணி நேர விடுதலை.

மையம் இல்லாத இடத்தில்

மையம் இல்லாத இடத்தில் என்ன இருக்கும்? ஏர்வாடியைக் கேளுங்கள். 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியலில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கிய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர்! புனித இடத்தில் கிடந்தால் பேய் விலகும், நோய் நீங்கும் என்ற நம்பிக்கை அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. ஆனால் நம்பிக்கையை மட்டும் குற்றம் சாட்டி நாம் தப்ப முடியாது. அருகே மருத்துவம் இருந்திருந்தால், பகலில் பார்த்துக்கொள்ள ஓரிடம் இருந்திருந்தால், எத்தனை குடும்பங்கள் அவ்வளவு தூரம் சென்றிருக்கும்? அரசு விட்ட வெற்றிடத்தில்தான் மூடநம்பிக்கை குடியேறுகிறது. மந்திரக்காரனை விரட்டுவது பாதி வேலை. மருத்துவரை அமர்த்துவதே மீதி.

உலகம் காட்டும் பாடம்

பிற நாடுகளும் இக்கேள்வியில் தடுமாறியே வந்தன. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் இவர்களுக்குக் குறைகூலி கொடுக்க இடம் தந்தது. 2015 இல் நியூ ஆம்ப்சயர் மாநிலம் தன் எல்லைக்குள் அதை ஒழித்தது. வேறு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நாடு முழுவதும் ஒழிக்க 2024 இறுதியில் எழுந்த முயற்சி, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. நியூசிலாந்து 2007 இல், இவர்களுக்கான தனிப்பட்டறைகளுக்குத் தந்திருந்த பொதுவிலக்கை நீக்கியது. தனியாள் விலக்குகள் அங்கே தொடர்ந்தன.

பிரிட்டனில் 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுந்தது ரெம்ப்ளாய் என்னும் அரசு நிறுவனம். போரில் உறுப்பிழந்தோரும் பிறரும் அதன் தொழிற்கூடங்களில் உழைத்தனர். ஒதுக்கி வைத்த கூடம் வேண்டாம், எல்லாரோடும் சேர்ந்த வேலையே வேண்டும் என்னும் நல்ல கொள்கையைச் சொல்லி, 2012, 2013 ஆம் ஆண்டுகளில் அக்கூடங்களை மூடினர். கொள்கை சரி, ஆனால் கதவு மூடிய நாளில் எல்லார் கையிலும் வேறு வேலை இருக்கவில்லை. பழையதை இடிக்குமுன் புதியதை எழுப்ப வேண்டும் என்பது அங்கிருந்து நாம் பெறும் பாடம்.

இளைஞர்க்கு

இளைஞர்காள்! 2025 ஏப்பிரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அவர்களைப் பற்றிப் பிறர் பேசிய இடத்தில் அவர்களே பேச வழி பிறந்திருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் நாம் நிற்க வேண்டும். நகருக்கு எத்தனை பகல் மையங்கள், எத்தனை பேருக்கு இடம், ஊர்தி உண்டா என்று மன்றங்களில் கேட்போம். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் உறுப்பினர், அவர்கள் பெயரில் கூலி ஏறுகிறதா என்று கேட்போம். ஊதியம் பெறத் தொடங்கிய அன்றே உதவித்தொகை அறுந்துவிடுமோ என்னும் அச்சத்தைப் போக்கும் ஆணை வேண்டும் என்போம். ஊதியக் குறையை அரசு நிரப்பும் திட்டத்தைக் கைத்தறியிலேயே முதலில் தொடங்குக என்போம்.

அவரவர் வீட்டிலும் தொடங்கலாம். பின்கட்டில் தார் சுற்றும் தம்பிக்கும் தங்கைக்கும் கணக்கேடு ஒன்றைத் திறப்போம். சுற்றிய தாருக்கு எழுதுவோம். வாரக் கடைசியில் அவர்கள் கையிலேயே கொடுப்போம். அதை அவர்கள் எதற்குச் செலவிட வேண்டும் என்று அறிவுரை கூறாதிருப்போம்.

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்டவள் அன்று ஒரு பெண். அறக்கோட்டத்தை உரிமைக்கோட்டமாக்கக் கேட்க வேண்டியவர் நாம். கோயில் வாயிலில் காசு போட்டுவிட்டு மனநிறைவோடு வீடு திரும்புவோரை நிறுத்தி ஒன்று கேட்போம்: "ஐயா, இவருக்கு உங்கள் கடையில் ஒரு வேலை உண்டா?"